பாஸ்வேர்டைக் கொடுத்தது நான்தான்

போன வாரம் புதன்கிழமை காலை நான் லண்டனில் இருந்தேன். அங்கே ஒரு ஹோட்டலில் என் பையைத் திருடிவிட்டார்கள். பாஸ்போர்ட் போய்விட்டது, கார்டு போய்விட்டது, கையில் காலணா இல்லை. உடனே பணம் அனுப்பி என்னைக் காப்பாற்றும்படி எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பியிருந்தேன்.

இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது நான் திருப்பூரில், என் வீட்டில், இரண்டாவது இட்லியில் இருந்தேன்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவியின் சித்தி மகன்தான் போன் செய்து சொன்னார். மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க... நீங்க லண்டன்ல மாட்டிக்கிட்டீங்களாமா?"

லண்டனை நான் காலண்டரில் பார்த்ததோடு சரி. சிரிப்பு வந்தது. நானும் ஒரு நிமிடம் சிரித்தேன். அடுத்த நிமிடம் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்த மெயில் போயிருப்பது எங்கள் கம்பெனியின் முகவரியிலிருந்து. அந்த முகவரியின் பாஸ்வேர்டை இரண்டு நாள் முன்பு முன்பின் தெரியாத ஒருவனுக்கு எழுதி அனுப்பியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நானும் என் மனைவியின் தம்பியும் பார்ட்னர்கள். டென்மார்க்கில் எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது, எங்கள் தொழில் பாஷையில் பையர். அவர்களை நம்பித்தான் எங்கள் தையல் மிஷின்கள் ஓடுகின்றன.

அந்தப் பையரோடு பேசுவது, எழுதுவது எல்லாம் ஸ்டெல்லா. எங்கள் மெர்ச்சண்டைசர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஐந்து வருடமாகத் திருப்பூரை ஒட்டிய பூண்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். பையர் கேட்பதைத் தையல் செக்‌ஷனுக்கும், தையல் செக்‌ஷன் முழிப்பதைப் பையருக்கும் புரிய வைப்பதுதான் அவர் வேலை. எது வந்தாலும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுவிடுவார். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத இந்த நாட்களில் அது நல்ல பழக்கம்தான். பேப்பர் வீணாகிறது என்று நான்தான் முணுமுணுப்பேன்.

கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே மெயில் ஐடி. இலவசமாகக் கிடைத்தது. விசிட்டிங் கார்டில் அதுதான், அட்டைப்பெட்டியில் அதுதான், கேட் போர்டிலும் அதுதான். பாஸ்வேர்டு? எங்கள் குலதெய்வத்தின் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. மறந்துவிடக் கூடாது என்று அதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தோம். எங்கள் கம்பெனியில் அது தெரியாத ஒரே ஆள் வாட்ச்மேன். அவருக்கும் அதுதான் குலதெய்வம் என்பதால், கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் அந்த மெயில் கண்ணில் பட்டது. சனிக்கிழமை சாயங்காலமே வந்து கிடந்திருக்கிறது. எங்களுக்கு மெயில் சேவை தரும் கம்பெனியே எழுதியது போல இருந்தது. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மூடப்போகிறோம், மூடாமல் இருக்க வேண்டுமானால் உங்கள் பெயர், பாஸ்வேர்டு, பிறந்த தேதி மூன்றையும் பதிலாக அனுப்புங்கள்... இவ்வளவுதான் விஷயம். பாதி கொட்டை எழுத்தில். இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டியது. எங்கள் இங்கிலீஷும் அப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எனக்கு இருந்த அவசரம் வேறு. டென்மார்க்கிலிருந்து கடைசி சாம்பிளுக்கு அப்ரூவல் வர வேண்டும். அது வந்தால்தான் கண்டெய்னர் கிளம்பும். அந்த நேரம் பார்த்துப் பெட்டி மூடிக்கொண்டால் என்ன ஆவது? உடனே பதில் அனுப்பு என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். அனுப்ப முடியாது என்றார்.

"சார், 'டியர் அக்கவுண்ட் ஓனர்'னுல்லா போட்டிருக்கான். நம்ம பேரே தெரியாதவன் எப்படி சார் நம்ம பெட்டிய மூடுவான்?"

எவ்வளவு எளிமையான கேள்வி. பதில் இல்லாத முதலாளி என்ன செய்வான்? சத்தம் போடுவான். நானும் போட்டேன். நாலு எழுத்து படித்துவிட்டால் எல்லாவற்றிலும் குறுக்கே பேசுவதா என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். அவர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்தார். நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அனுப்பினேன். எப்படி அனுப்பினேன் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது இரண்டு. வந்த மெயிலுக்கு அன்றே பதில் போட வேண்டும். பதிலில் பணிவு சொட்ட வேண்டும். அதோடு கொங்கு நாட்டு ரத்தம் வேறு... பஸ்ஸில் காலை மிதித்தவனிடமே "ஏனுங்க, கொஞ்சம் காலை எடுத்துக்கறீங்களா" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். ஆகவே என் பதில் இப்படி ஆரம்பித்தது: மதிப்புக்குரிய ஐயா, காலை வணக்கம். வார விடுமுறை காரணமாகப் பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தாங்கள் கேட்டபடி எங்கள் பாஸ்வேர்டைத் தங்கள் மேலான பார்வைக்குக் கீழே கொடுத்துள்ளோம். என்றும் தங்கள் நல்லாதரவை நாடுகிறோம்...

திருடனிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்ட ஏற்றுமதியாளர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தோடு விட்டேனா? அரை மணி நேரம் ஆகியும் பதில் வரவில்லை. பையரிடம் அப்ரூவல் கேட்டுக் கேட்டு ஊறிப்போன கை. ஒரு ரிமைண்டரும் போட்டேன். பாஸ்வேர்டு கிடைத்ததா என்பதை அன்புகூர்ந்து உறுதி செய்யவும் என்று. கிடைத்திருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பெட்டி எங்களுக்குத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறது போல என்று ஸ்டெல்லாவிடம் சமாதானம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

புதன்கிழமை விடிந்தது. நான் லண்டனில் இருந்தேன்.

ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் டென்மார்க்கிலிருந்து போன் வந்துவிட்டது. அந்த லண்டன் மெயில் அவர்களுக்கும் போயிருந்தது. அவர்கள் கத்தவில்லை. வெள்ளைக்காரர்கள் கத்தாமல் பேசும்போதுதான் பயப்பட வேண்டும். என்ன நடந்தது, யாரால் நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், அதுவரை அப்ரூவல் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரக்கில் ஏதாவது பிசகினால் பையருக்கு ஒரு மெயில் போகும். 'சம்பந்தப்பட்ட மெர்ச்சண்டைசரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.' பையருக்கும் திருப்தி. பல நேரம் நீக்கப்பட்டவர் நீக்கப்படவே மாட்டார். பெயர் மட்டும் மாறும். போன வாரம்வரை ரமேஷாக இருந்தவர் இந்த வாரம் சுரேஷாக அதே நாற்காலியில் உட்கார்ந்து, 'நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்' என்று பையருக்கு வணக்கம் எழுதுவார். இதை யாரும் இங்கே பாவமாக நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

என் மைத்துனர் வந்தார். கெட்டவர் இல்லை. கம்பெனி நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர். கதவைக்கூடச் சாத்தாமல் ஸ்டெல்லா எதிரிலேயே சொன்னார்.

"மச்சான், அந்தப் புள்ள மேல போட்டு எழுதிருவமுங்க. வேலைய விட்டு எடுத்துட்டோம்னு ஒரு வரி. அப்புறம் கவிதான்னு பேர மாத்தி அதே சீட்ல உக்கார வெச்சுக்கலாம். ஓனரே பாஸ்வேர்டு குடுத்தாருன்னு எழுதினா நாளைக்கு எவன் நமக்கு ஆர்டர் குடுப்பானுங்க?"

வேலை போகாது, சம்பளம் குறையாது. யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் கணக்கு. மெயில் பெட்டியோ திருடன் கையில். யார் அனுப்பியது என்று திறந்து காட்ட வழியில்லை. நான் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் பலர், ஆனால் அனுப்பியது யார் என்ற உண்மைக்கு அந்த ஆபீஸில் இருந்த சாட்சி நான் ஒருவன், அந்தப் பெண் ஒருவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபேனைப் பார்த்தேன். சுற்றுகிற ஃபேனை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்தப் பத்தியில் அமைச்சர்களை, அதிகாரிகளை எல்லாம் விரல் நீட்டிக் கேள்வி கேட்டவன் நான்.

பேசியது ஸ்டெல்லாதான். குரல் உயரவில்லை.

"என் பேரு ஸ்டெல்லா, சார். ஞானஸ்நானத்துல வச்ச பேரு. செய்யாத தப்புக்கு அத எதுக்கு நான் விடணும்? வேலைய வேணும்னா விட்டுட்டுப் போறேன். பேர விட மாட்டேன்."

மைத்துனர் எவ்வளவோ பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். டென்மார்க்கில் இருப்பவனுக்கு ஸ்டெல்லாவும் ஒன்றுதான் கவிதாவும் ஒன்றுதான் என்றார். அவனுக்கு ஒன்றாக இருக்கலாம், எனக்கு ஒன்று இல்லை என்றார் ஸ்டெல்லா. இந்த ஊர் மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்தவள் ஸ்டெல்லா என்று நாளை மதியத்துக்குள் ஊரே பேசும். அதற்கப்புறம் இங்கே இல்லாமல் வேறு எங்கே போனாலும் யார் வேலை கொடுப்பார்கள்? ஐந்து வருடமாக இரவு பகல் பார்க்காமல் அவர் சம்பாதித்தது அந்தப் பெயரைத்தான். அதைத்தான் நாங்கள் சர்வ சாதாரணமாக மாற்றிக்கொள்ளச் சொன்னோம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. அனுப்பினது யாரு?"

ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

"நான்தான் கண்ணு" என்றேன்.

கடிதத்தை நானே எழுத உட்கார்ந்தேன். வாயால் ஒப்புக்கொள்வது ஒன்று, எழுத்தில் கொடுப்பது வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. முதலில் எழுதியது இது: 'எங்கள் அலுவலகத்தில் எதிர்பாராத விதமாக நிகழ்ந்த ஒரு தவறின் காரணமாக...' எத்தனை அழகான வாக்கியம். ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இதில் தப்பு இருக்கிறது, செய்த ஆளையே காணோமே சார் என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி எழுதினேன். இந்த முறை 'நான்' என்று ஆரம்பித்தேன். நிறுவன உரிமையாளனாகிய நான், பெயர் தெரியாத ஒருவனுக்குப் பாஸ்வேர்டை அனுப்பினேன். அவன் எங்கள் பெட்டியைக் கைப்பற்றி உங்களை ஏமாற்றப் பார்த்தான். லண்டனிலிருந்து வந்த கடிதம் பொய். யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

ஸ்டெல்லா படித்தார். சரி என்று சொல்வார் என்று பார்த்தேன். இன்னொன்று வேண்டும் என்றார்.

"நான் வேண்டாம்னு சொன்னதையும் எழுதுங்க சார்."

எனக்கு வந்ததே கோபம். செய்தது நான் என்று எழுதிவிட்டேன், இன்னும் என்ன? ஊர் முன்னால் காலில் விழச் சொல்கிறாரா? பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். டீ குடிக்கும்போது யோசித்தேன். ஏமாந்தேன் என்று சொல்வது ஒரு வகையில் சுலபம். பாவம், அப்பாவி மனுஷன் என்பார்கள். ஆனால் ஒருத்தி சொல்லியும் கேட்காமல், அவளைத் திட்டிவிட்டு ஏமாந்தேன் என்று சொன்னால் அப்பாவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வசதியைத்தான் அவர் பிடுங்கப் பார்த்தார். எச்சரித்தவர் என்ற பெயர் அவருக்குச் சேர வேண்டியதுதான்.

உள்ளே வந்து எழுதினேன். 'எங்கள் மெர்ச்சண்டைசர் ஸ்டெல்லா இது மோசடி என்று எச்சரித்தார். நான் கேட்கவில்லை.'

கரண்ட் வந்ததும் புது மெயில் ஐடி எடுத்து, அவர் ஃபைலில் வைத்திருந்த பிரிண்டுகளிலிருந்து ஒவ்வொரு முகவரியாகத் தேடி, டென்மார்க் முதல் பட்டன் கடைவரை அத்தனை பேருக்கும் அனுப்பினோம். பேப்பர் வீணாகவில்லை. என் மைத்துனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் வந்தது பாருங்கள், போன் மேல் போன். முதலில் எல்லோரும் கிண்டல். லண்டனில் குளிர் எப்படிங்க என்று ஒருவர். ரிமைண்டர் போட்டதையும் நானே உளறியிருந்ததால், திருடன் அதற்குப் பதில் போட்டானா என்று இன்னொருவர். வெள்ளிக்கிழமை வந்த போன்கள் வேறு மாதிரி இருந்தன. குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எங்களுக்கும் அதே மாதிரி வந்துச்சுங்க... நாங்களும் குடுத்துட்டமுங்க... வெளிய மட்டும் சொல்லிராதீங்க.

அதில் ஒருவரிடம் கேட்டேன், பையருக்கு என்னவென்று எழுதினீர்கள் என்று. "ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. நிறுத்திட்டோம்" என்றார். அந்தப் பெண்தான் அனுப்பினாளா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதைப் பத்தியில் எழுதுவது என்று. ஏமாந்தவன் எல்லாம் வாயை மூடிக்கொள்வதால்தானே அந்தத் திருடன் ஒரே கடிதத்தை வைத்து ஊரையே வளைக்கிறான்? அவனுக்கு இங்கிலீஷ்கூட ஒழுங்காகத் தெரியாது. நம் கௌரவம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மார்க்கெட்டில் பேர் கெட்டுவிடும், பேர் கெட்டுவிடும் என்று பொத்திப் பொத்தி வைக்கிறோம். கடைசியில் யார் பேர் கெடுகிறது? நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணின் பேர்.

என் பேர் கெட்டால் கெடட்டும். அதனால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாஸ்வேர்டை உங்களிடம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்தான். பேங்க் என்பான், மெயில் கம்பெனி என்பான், லாட்டரி விழுந்தது என்பான். பெயர் சொல்லாமல் கூப்பிடுகிறவனுக்கு உங்களைத் தெரியாது. அனுப்புகிறவன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், எங்களுக்கு வந்ததில் கம்பெனியின் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் என்னென்னவோ வால் ஒட்டியிருந்தது. இங்கே அழுத்து என்று ஒரு வரி இருந்தால் அழுத்தாமல், மவுஸ் அம்பை மட்டும் அதன் மேல் கொண்டுபோய் வையுங்கள். போகப்போகும் நிஜ முகவரி கீழே சின்ன எழுத்தில் தெரியும். சந்தேகமாக இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்களிடம் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு.

இருபத்து நாலு மணி நேரம், நாற்பத்தெட்டு மணி நேரம் என்று கெடு வைத்தால்? எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். நம்மை யோசிக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் அவன் கெடு வைக்கிறான். நான் யோசித்த ஒரே நேரம் டீக்கடையில்தான்.

முக்கியமாக, மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்வது நம் பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் மெயிலில் வந்தவன் யார், எவன் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதில் போடாமல் விடுவதும் ஒரு பதில்தான். உங்கள் ஆபீஸில் யாராவது 'இது சரியில்லை சார்' என்று சொன்னால், அவர் சம்பளம் உங்களைவிடக் குறைவு என்பதற்காக அவர் மூளையும் குறைவு என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்தப் பாடத்துக்கு ஆன செலவு, ஆறு வருடத்து மெயில்கள். பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை.

மைத்துனர் கேட்டபடியேதான் நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். ஓனரே கொடுத்தார் என்று எழுதியாகிவிட்டது, இனி எவன் ஆர்டர் கொடுப்பான்? நேற்று திங்கட்கிழமை டென்மார்க்கிலிருந்து பதில் வந்தது. நாலே வரி. நடந்ததை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, சாம்பிளுக்கு அப்ரூவல் கொடுத்திருக்கிறோம், சரக்கை அனுப்பலாம் என்று மூன்று வரி. இனிமேல் எங்கள் கடிதங்கள் எல்லாம் உங்கள் அலுவலகத்தில் ஸ்டெல்லா ஒருவருக்கு மட்டுமே வரும், வேறு யார் எழுதினாலும் நாங்கள் ஏற்க மாட்டோம் என்று நாலாவது வரி.

அதன்படியே இன்று காலை வந்த முதல் மெயில் 'டியர் ஸ்டெல்லா' என்று ஆரம்பித்தது.

முதலாளிக்கு ஸ்டெல்லா எடுத்த பிரிண்டில் ஒரு நகல் வந்தது.